வழக்கறிஞரைத் தேர்ந்தெடுப்பதும் நம் உரிமை



வன்கொடுமை நடந்த ஊருக்குப் போகிறோம். எஃப்.ஐ.ஆர். பதிவானதும் திரும்பிவிடுகிறோம். வழக்கே அதன்பிறகுதான் தொடங்குகிறது. அதை நடத்தப்போவது யார்?

அரசு வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட வேண்டியதில்லை. 1995ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்பு விதிகளில் விதி 4(5) இருக்கிறது. பாதிக்கப்பட்டவர் விரும்பினால், தேர்ந்த மூத்த வழக்கறிஞரை மாவட்ட ஆட்சியர் அமர்த்தலாம்; கட்டணத்தை அரசு தரும். மனுவை எழுத்தில் கொடுங்கள், ஒப்புகை வாங்குங்கள்.

கோகுல்ராஜ் 2015இல் கொல்லப்பட்டார். அரசு வழக்கறிஞரை மாற்றக் கோரி அவருடைய தாய் சித்ரா விடாமல் போராடினார். விசாரணை நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாறியது. ப.பா.மோகன் சிறப்பு அரசு வழக்கறிஞரானார். முக்கிய சாட்சி பிறழ்ந்தும், 2022இல் 10 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

யாரைக் கேட்பது? மூன்றைப் பாருங்கள். இந்தச் சட்டத்தின்கீழ் விசாரணை நீதிமன்றத்தில் வழக்கு நடத்தியவரா? எதிரிகள் ஜாமீன் கேட்டால், பிரிவு 15ஏ தரும் உரிமைப்படி நம் தரப்பைச் சொல்ல வைப்பாரா? பாதிக்கப்பட்டவருக்குப் புரியும்படி பேசுகிறாரா? ஊரோடு சமாதானமாகப் போகச் சொல்பவர் வேண்டாம்.

தனியாக ஆலோசனை பெறப் பணமில்லையா? மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பு இல்லாமலே இலவச சட்ட உதவி உண்டு. 1987ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது.

அடுத்தமுறை ஊருக்குப் போகும்போது, ஆட்சியருக்கான மனுவையும் எழுதிக்கொடுத்துவிட்டுத் திரும்புவோம்.