ஒரு மீட்டர் தள்ளி

கீழ்க்கட்டளை ஏரிப் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு ரேடியோ அலைச்செறிவு அளக்கும் கருவியோடு போயிருந்தேன். எதிரே கைப்பேசிக் கோபுரம், கூடத்தில் வைஃபை ரவுட்டர், அடுத்த அறையில் பேத்தியின் தொட்டில். "ராத்திரியில ரவுட்டரை அணைச்சே வெச்சிடறேன் சார். குழந்தைக்கு ஒண்ணும் ஆகாதே?" என்று பாட்டி கேட்டார்.

தாய்மனம் கேட்கும் நியாயமான கேள்வி. இதற்கு விடை சொல்வதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு, ஏனென்றால் விடை தூரத்தில் இருக்கிறது. தூரம் இரண்டு மடங்கானால் அலைச்செறிவு நாலில் ஒன்றாகிவிடும்; மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒன்று. வீட்டு ரவுட்டர் வெளியிடுவது பெரும்பாலும் 100 மில்லிவாட் அளவுதான். அது எல்லாப் பக்கமும் ஒரே சீராகப் பரவுவதாகக் கொண்டால், ஒரு மீட்டர் தள்ளி, சதுர மீட்டருக்குச் சுமார் 8 மில்லிவாட். கோபுரங்களுக்கு 2012 செப்டம்பரில் இந்தியா நடைமுறைக்குக் கொண்டுவந்த வரம்பு, வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், சதுர மீட்டருக்கு 1 வாட். அதுவே பன்னாட்டு வரம்பில் பத்தில் ஒரு பங்கு! அந்தக் கடுமையான அளவுகோலிலும் ரவுட்டர் நூறில் ஒரு பங்கைத் தொடவில்லை.

கருவியைப் பாட்டியின் கையிலேயே கொடுத்தேன். தொட்டில் பக்கம் நடக்க நடக்க எண் இறங்கியது. அவர் முகம் தெளிந்ததைப் பார்க்க வேண்டுமே!

லிஃப்டில் இறங்கும்போதுதான் எண் துள்ளியது. உடன் வந்த பாட்டியின் மகன் கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தார். கவனியுங்கள் நேயர்களே, சிக்னல் குறைந்தால் கைப்பேசி தன் திறனைக் கூட்டிக்கொள்ளும். அதுவும் காதோடு ஒட்டியபடி. கோபுரம் கிட்டே இருந்தால் கைப்பேசி குறைவாகவே உமிழும் என்பதைப் பலர் நம்புவதில்லை. ஆனால் உண்மை அதுதான். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011-இல் ரேடியோ அலைகளை 'புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் உள்ளவை' என்ற பிரிவில் சேர்த்தபோது முக்கியமாகப் பார்த்தது கைப்பேசிப் பயன்பாட்டைத்தான். உறுதியான சான்று என்று அது சொல்லவில்லை. ஆனாலும் கவனம் போகவேண்டிய இடம் காதோரம்.

நேரம் நெருங்கிவிட்டது. கோபுரம் பற்றிச் சந்தேகம் இருந்தால் தொலைத்தொடர்புத் துறையின் 'தரங் சஞ்சார்' தளத்தில் பாருங்கள். உங்கள் கைப்பேசியில் *#07# அழுத்துங்கள். உடல் உள்வாங்கும் அலைத்திறனைக் குறிக்கும் எண் வரும்; அது கிலோவுக்கு 1.6 வாட்டைத் தாண்டக்கூடாது. லிஃப்டில் நீண்ட பேச்சு வேண்டாம். மற்ற இடங்களில் ஸ்பீக்கரிலோ இயர்போனிலோ பேசுங்கள். ரவுட்டரைத் தொட்டிலுக்கு ஒரு மீட்டராவது தள்ளி வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள்.