எழுத்தரின் கை
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மூட்டை சுமப்போர்க்கே உடல் நோகும் என எண்ணியிருந்தோம். 1713ஆம் ஆண்டிலேயே இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி எழுத்தரின் நோய்க்கு மூன்று காரணங்கள் கூறினார்: ஓயாது அமர்ந்திருத்தல், கையை ஒரே விதமாய் அசைத்தல், மனத்தின் இறுக்கம். ரயில்வே அலுவலகத்தில் பேரேடு போய்க் கணிப்பொறி வந்தும் அம்மூன்றும் நம்மை விட்டபாடில்லை.

மணிக்கட்டு வலியை நாமும் மறைத்தோம். வேலைக்கு ஆகாதவர் என்பார்களோ என்று அஞ்சினோம். முடிவில் சோறு பிசையவும் வலக்கை மறுத்தது.

ஆகவே அன்பர்களே, அரைமணிக்கொருமுறை எழுந்து நிற்போம். பாதம் தரையிற் படிய, முழங்கை மேசை மட்டத்தில் இருக்க அமர்வோம். மணிக்கட்டை மடித்து வேலை செய்யாதிருப்போம். விரல் மரத்தால் உடனே மருத்துவரிடம் சொல்வோம். வலியைப் பொறுத்தல் கடமையன்று. குடும்பத்தைக் காக்கும் கையைக் காப்பதே கடமை.