ஆஸ்பத்திரிக் கட்டிலும் வீட்டுக் கடிதமும்

(பூவிருந்தவல்லியை அடுத்த ஒரு கிராமக் கூட்டுறவு நாணய சங்கத்தின் மாதக் கூட்டத்தில், கூட்டுறவு இன்ஸ்பெக்டர் ஒருவர் நிகழ்த்திய உபந்நியாசம்)



தவணை தவறியவர்களின் ஜாபிதாவை வாசிப்பதற்கே இன்ஸ்பெக்டர் வருவான் என்று எண்ணிச் சிலர் வாயிற்படிக்கு அருகிலேயே உட்கார்ந்திருக்கிறீர்கள். இன்று அந்த அச்சம் வேண்டுவதில்லை. உள்ளே வந்து அமரலாம். யுத்தத்தில் காயமுற்று ஆஸ்பத்திரியில் கிடந்த சிப்பாய்களைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லவே நான் எழுந்தேன். கடன் விஷயம் அதிலும் வரும்; ஆனால் யாரையும் வைவதற்காக அல்ல.

நமக்கு அருகிலுள்ள பூவிருந்தவல்லியில், 19-ஆம் நூற்றாண்டில், பட்டாள நிலையம் ஒன்று இருந்தது. நோயுற்று மெலிந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அங்கே தங்கி உடல் தேறினார்கள். அவர்கள் நம் பனைமரங்களைப் பார்த்தபடி படுத்திருந்து, கடலுக்கு அப்பாலுள்ள தம் தாய்மாரை நினைத்திருப்பார்கள். 1914-ஆம் வருஷத்தில் அந்தக் காட்சி தலைகீழாயிற்று. நம் தேசத்தவர் இங்கிலாந்தில் கட்டில்களில் கிடந்து, தம் கிராமத்தை நினைத்து ஏங்கும்படி நேர்ந்தது.

அவ்வருஷம் செப்டம்பர் மாதக் கடைசியில் இந்தியப் படைகள் பிரான்ஸ் தேசத்து மார்செயில்ஸ் துறைமுகத்தில் இறங்கின. அவர்களிற் பெரும்பாலோர் பஞ்சாபியர், கடுவாலியர், கூர்க்கர், பட்டாணியர் ஆகியோர். நம் தமிழ்ச் சிப்பாய்களிற் பலர் பின்னர் மெசொப்பொத்தாமியா முதலிய இடங்களில் உழைத்தார்கள். அங்கிருந்து நோயாளிகளையும் காயம்பட்டவர்களையும் ஏற்றிவர, நம் ராஜதானியின் ஜனங்கள் கொடுத்த நிதியைக்கொண்டு ‘மதராஸ்’ என்னும் ஆஸ்பத்திரிக் கப்பல் ஒன்று நடைபெற்றது.

பிரான்ஸில் காயம்பட்டவர்களில் பலர் இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள பிரைட்டன் நகரத்துக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அங்கே முன்னாளில் ஓர் அரசர் கட்டிய மாளிகை இருந்தது. வெளியே கும்மட்டங்களும் ஸ்தூபிகளுமாக நம் நாட்டு அரண்மனை போலத் தோன்றும் அந்தக் கட்டடம், 1914 டிசம்பர் முதல் ஆஸ்பத்திரியாயிற்று. 720-க்கு மேற்பட்ட கட்டில்கள். ஜாதி மத ஆசாரங்களை உத்தேசித்து ஒன்பது சமையற்கட்டுகள். ஹிந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனித் தண்ணீர்க் குழாய்கள். அறிவிப்புப் பலகைகள் மூன்று பாஷைகளில். உலவக்கூடியவர்களை மோட்டாரில் ஏற்றி ஊரைச் சுற்றிக் காட்டினார்கள். ஆனால் அதே ஊரில் ஏழைகள் விடுதியை மாற்றி அமைத்த மற்றோர் ஆஸ்பத்திரியில், சிப்பாய்கள் இஷ்டப்படி வெளியே போகாதபடி வேலியும் காவலும் வைக்கப்பட்டிருந்தன. உபசாரம் ஒருபுறம், அடைப்பு ஒருபுறம்.

இவ்வளவு வசதியிலும் மனம் ஊரிலேயே இருந்தது. இதை எப்படி அறிகிறோமெனில், அவர்கள் எழுதிய கடிதங்களால். சர்க்கார் தணிக்கை உத்தியோகஸ்தர்கள் அவற்றைப் படித்து, முக்கியமான பகுதிகளைப் பெயர்த்தெழுதி வைத்தார்கள். அவை லண்டனில் இன்றும் காப்பாற்றப்பட்டு வருகின்றன. 1911-ஆம் வருஷக் குடிக்கணக்கின்படி இந்தியாவில் எழுத்தறிந்தவர் நூற்றுக்கு ஆறு பேர்தாம். ஆகவே கட்டிலில் கிடந்தவன் வாயால் சொல்ல, அண்டைக் கட்டில்காரனோ வேறொருவனோ எழுதுவான். தணிக்கை அதிகாரி படிப்பார். ஊரில் வாத்தியாரோ தபால்காரரோ உரக்கப் படிக்க, வீட்டாருடன் அக்கம்பக்கத்தாரும் கூடி நின்று கேட்பார்கள். தன் மனைவிக்கு ஒரு வார்த்தை சொல்ல விரும்பும் வாலிபன் இத்தனை பேர் காதுக்கு நடுவே என்னதான் சொல்லுவான்? தணிக்கையை ஏய்க்கச் சிலர் ஜாடையாக எழுதினார்கள். கறுப்பு மிளகு என்றால் இந்தியச் சிப்பாய், சிவப்பு மிளகு என்றால் வெள்ளைக்காரன். யுத்தத்தை மிளகால் மறைக்கலாம். மனைவியின் ஏக்கத்தை எதனால் மறைப்பது?

காயம் ஆறுவதும் அவர்களுக்கு முழுச் சந்தோஷமாக இல்லை. உடல் தேறியவர்கள் பார்ட்டன் என்னும் கடற்கரை ஊரிலுள்ள நிலையத்துக்கு அனுப்பப்பட்டார்கள். அங்கே திடகாத்திரம் உள்ளவர் என்று டாக்டர் குறித்துவிட்டால், போக வேண்டிய இடம் வீடு அன்று, மீண்டும் போர்முனைதான். மீர் தஸ்த் என்னும் பட்டாணிய ஜமேதார், 1915 ஏப்ரல் 26-ஆம் தேதி ஈப்ர போரில் காட்டிய வீரத்துக்காக விக்டோரியா கிராஸ் பெற்றவர். அவ்வாண்டு ஆகஸ்டில் பிரைட்டன் மாளிகைத் தோட்டத்தில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரே அதை அவருக்கு அணிவித்தார். ஒருமுறை காயம்பட்டவனைத் திரும்பவும் போருக்கு அனுப்ப வேண்டாம் என்பதே அவர் அப்போது அரசரிடம் செய்துகொண்ட விண்ணப்பம் என்று கடிதங்களால் தெரிகிறது. தமக்கென்று நிலமோ பணமோ அவர் கேட்கவில்லை.

ஊர் திரும்பாதவர்களும் உண்டு. பிரைட்டனில் இறந்த ஹிந்துக்களும் சீக்கியர்களுமாகிய 53 பேரை ஊருக்கு வெளியே குன்றின்மேல் தகனம் செய்தார்கள். அவ்விடத்தில் 1921-இல் வெண்சலவைக்கல் சத்திரி ஒன்று எழுப்பப்பட்டது.

இனி நம் விஷயத்துக்கு வருகிறேன். படுத்திருக்கும் குடியானவன் எதைக் கேட்பான்? மழை பெய்ததா, கிணற்றில் தண்ணீர் எவ்வளவு, யார் உழுகிறார்கள், வட்டி கட்டியாயிற்றா, குழந்தைக்குப் பல் முளைத்ததா என்பதைத்தான். வீட்டாரோ அவன் மனம் நோகுமென்று அஞ்சி ‘யாவரும் க்ஷேமம்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அவனும் கால் போயிருந்தாலும் ‘சொற்பக் காயம்’ என்று எழுதுவான். இரு பக்கத்தாரும் அன்பினாலேயே ஒருவரை ஒருவர் ஏமாற்றிக்கொள்வது இது. படுக்கையில் கிடப்பவனுக்கு நேரம் நிறைய உண்டு. எழுதாமல் விட்டதையெல்லாம் அவன் மனம் தானே எழுதிப் படித்துக்கொள்ளும்.

என் குடும்பத்தில் நடந்த ஒன்றைச் சொல்ல உத்தரவு வேண்டும். என் தாயைப் பெற்ற ஆயாவின் அண்ணன் 1944-இல் பர்மா எல்லையில் முழங்காலில் குண்டு பாய்ந்து, பல மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தார். ஆவடியில் பட்டாளத் தளம் பெருகி, ராணுவ லாரிகள் இரவு பகலாக ஓடிய காலம் அது. ஒவ்வொரு லாரியிலும் தன் மகன் இறங்குவானா என்று அவருடைய தாயார் சாலையோரம் நிற்பாராம். வீட்டில் எழுதத் தெரிந்தவள் மூன்றாம் வகுப்புப் படித்த என் ஆயா ஒருத்திதான். வட்டிக்காக ஒரு காளையை விற்றுவிட்டார்கள். ‘மாடு கன்று எல்லாம் நலம் என்று எழுதடி’ என்றார் தாயார். சிறுமி அப்படியே எழுதிவிட்டு, அட்டையின் ஓரத்தில் தானாக ‘செவலைக் காளை இப்போது இல்லை, அண்ணா’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டாள். விஷயம் தெரிந்து முதுகில் இரண்டு அடியும் வாங்கினாள். ஊன்றுகோலுடன் திரும்பி வந்த அண்ணன் பிற்பாடு சொன்னாராம்: ‘அந்த ஒரு வரி இருந்ததனால்தான் அம்மா உயிரோடு இருக்கிறாள் என்று எழுதியதையும் நம்பினேன்.’

இக்காலத்தில் கையிலேயே தொலைபேசி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் ‘எல்லாம் நலம், வை’ என்று அதிலும் சொல்லிவிடலாமே! போன மாதம் ஒரு தாயார் என்னிடம், சங்கத்து நோட்டீஸ் வந்ததைப் பட்டாளத்திலுள்ள மகனுக்குச் சொல்லவில்லை என்றார். சொல்லியிருந்தால் அவன் தவணைக்கு ஒரு வழி பண்ணியிருப்பான். மற்றொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். யுத்த நிலைமையில் சேவை செய்யும் சிப்பாய்மீது வழக்கு வந்து, அவன் பக்கம் கோர்ட்டில் ஆஜராக ஒருவரும் இல்லையெனில், 1925-ஆம் வருஷத்து இந்தியச் சிப்பாய்கள் வழக்குச் சட்டப்படி கலெக்டரின் சான்றுபெற்று வழக்கை நிறுத்திவைக்க வழியுண்டு. ஆதலால் நோட்டீஸை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைக்க வேண்டாம். நான் அப்படியும் பார்த்திருக்கிறேன்.

பட்டாளத்தில் பிள்ளைகள் உள்ள குடும்பத்தார் கூட்டம் முடிந்ததும் காரியதரிசியிடம் பெயர் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள். அசல் இவ்வளவு, வட்டி இவ்வளவு, அடுத்த தவணை எந்தத் தேதி என்று அவர் ஒரு தாளில் தெளிவாக எழுதித் தருவார். அதை வீட்டுச் சமாசாரத்தோடு சேர்த்துப் பிள்ளைக்கு அனுப்பிவிடுங்கள்.