பாம்பை விடுங்கள், பொந்தைப் பாருங்கள்

கொரோனா முடக்கத்துக்குப் பிறகு இங்கே ஜேர்மனியில் கோழி வளர்ப்பது ஒரு மோஸ்தர் ஆகிவிட்டது. கோழியை வாடகைக்குக்கூடத் தருகிறார்கள். கூடு, தீனி, நாலைந்து பேடு எல்லாம் வீட்டு வாசலில் வந்து இறங்கும். பான் நகரில் நம்மவர்களும் தொடங்கிவிட்டார்கள், சந்தோஷம். ஆனால் எனக்கு வருகிற தொலைபேசியில் பாதிக்கு ஒரே கேள்விதான்: "அண்ணை, பாம்பு வராதோ? நிலத்திலை குத்தி வைக்க ஒரு மெஷின் விக்கிறாங்கள், வாங்கட்டோ?"

வாங்க வேண்டாம். அந்த மெஷின்களில் பல எழுப்புவது மனிதக் காதுக்கே எட்டாத உச்சஸ்தாயி ஒலி. பாம்புக்கு வெளிக்காது கிடையாது. நில அதிர்வையும் தாழ்ந்த ஒலிகளையும்தான் அது உணரும். ஊரில், யாழ்ப்பாணத்திலும் இதே கதைதான். ஒருவர் பூண்டை நசுக்கித் தெளிப்பார், ஒருவர் மண்ணெண்ணெய் ஊற்றுவார். தமிழ்நாட்டில் ஆகாச கருடன் கிழங்கைக் கட்டித் தொங்கவிடுவார்கள், சிறியாநங்கை நடுவார்கள். பாம்பு அந்தச் சிறியாநங்கைச் செடிக்குக் கீழேயே சுருண்டு படுத்திருக்கும்.

நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: பாம்பு வருவது பெரும்பாலும் எலிக்காக. எலி வருவது நீங்கள் சிந்திய தீனிக்காக. தீனி சிந்துவதை நிறுத்தினால் எலி நிற்கும், எலி நின்றால் பாம்பு நிற்கும். வந்த இடத்தில் முட்டையும் குஞ்சும் கண்ணில் பட்டால் சாரையும் நாகமும் விடாது, அது உண்மை. ஆனால் அதை வளவுக்குள் அழைத்து வந்தது எலி.

இதை எனக்குப் புரியவைத்தவர்கள் தமிழ்நாட்டில் பாம்பு பிடிக்கும் பழங்குடியினரான இருளர்கள். அவர்களைப் பற்றிப் பேசத் தொடங்கினால் எனக்கு நேரம் போவது தெரியாது, பொறுத்துக்கொள்ளுங்கள். மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலி இருக்கிறது. பாம்புத்தோல் வியாபாரம் தடைப்பட்டுப் பிழைப்புப் போன இருளர்களுக்காக 1978இல் அங்கே ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. பின்னால் நின்று உழைத்தவர் பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் இந்த நான்கையும் பிடித்து, விஷம் எடுத்து, திரும்பக் காட்டில் விட்டுவிடுவார்கள். இந்தியாவில் பாம்புக்கடிக்கு ஏற்றும் மருந்துக்குப் பெரும்பாலும் மூலம் அந்த விஷம்.

அவர்களில் மாசி சடையன், வடிவேல் கோபால் என்று இருவர். 2017இல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு இவர்களை அழைத்துப் போனார்கள். அங்கே பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளை உள்ளூர்க்காரர் தேடித் தேடிக் களைத்திருந்த நேரம். இவர்களோ ஒரு கடப்பாரையோடு நடந்து, ஒரு மாதத்துக்குள் இருபதுக்கு மேல் பிடித்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. கிடைத்திருக்காவிட்டாலும் என் மதிப்பில் அவர்கள் அதே உயரத்தில்தான் நிற்பார்கள்.

கவனியுங்கள். இருளர் பாம்பைத் தேடி அலைவதில்லை, தரையைப் படிக்கிறார். மணலில் இழுபட்ட தடம், உதிர்ந்த சட்டை, எச்சம், வாய் வழவழப்பான ஒரு எலிப்பொந்து. நம் கோழிக்கூட்டுக்கும் அதே பார்வைதான் வேண்டும். பாம்பை விடுங்கள், பொந்தைப் பாருங்கள்.

என் அம்மம்மா யாழ்ப்பாணத்தில் இதைத்தான் செய்தா. கூடு நாலு காலில் உயர்ந்து நிற்கும். பொழுதுபடுமுன் முற்றத்தில் கிடக்கும் குறுணலைக் கூட்டி அள்ளிவிடுவா, ஒரு மணி மிஞ்சாது. அடைக்கோழிக்கு இடம் குசினி மூலையில், மணல் போட்ட பனையோலைக் கடகத்துக்குள்.

பிறகு மாமா கொழும்பிலிருந்து புதுப்பாணிக் கம்பிவலை கொண்டு வந்து அடித்தார். அறுகோணக் கண் வலை. ஒரு காலை, கோழிகள் எல்லாம் மேல்கொம்பில் ஏறிச் சத்தமில்லாமல் நிற்கின்றன. கீழே ஒரு நாகம், பாதி உடல் வலைக்கு வெளியே, பாதி உள்ளே. வயிற்றில் முட்டைகள் வரிசையாகப் புடைத்துத் தெரிகின்றன. நுழைந்த கண்ணால் வெளியேற முடியவில்லை. இழுத்த இழுப்பில் கம்பி செதிலுக்கடியில் ஏறியிருந்தது.

ஆகவே வலை வாங்குவதென்றால் சதுரக்கண், இரும்பு, பற்றவைத்த வலை. கண் 12.7 மில்லிமீற்றர், அதாவது அரை அங்குலம். கடைக்காரர் 19 காட்டுவார், 25 காட்டுவார், விலை குறைவு என்பார். அரை அங்குலமே கேளுங்கள். அதற்குள் நுழையக்கூடிய பாம்பின் வாய்க்குக் கோழிமுட்டை அடங்காது. பிளாஸ்டிக் வலை வேண்டவே வேண்டாம், அதில் சிக்கி பாம்பும் சாகும், முள்ளெலியும் சாகும். இன்னொன்று, வலை தரையோடு முடியக்கூடாது. வெளிப்பக்கமாக மடித்து ஒரு முழம் அளவுக்கு மண்ணுக்குள் கிடத்துங்கள். தோண்டுகிற பிராணி சுவரோரமாகத்தான் தோண்டும், வலையில் நகம் முட்டும், விட்டுவிடும்.

தோண்டுகிற பிராணி என்றேனே, அதுதான் பானில் உங்கள் உண்மையான எதிரி. இந்த வட்டாரத்தில் கோழியை விழுங்கும் பாம்பே கிடையாது. ஜேர்மனி முழுவதிலும் விஷப்பாம்பு இரண்டே இனம். ஸீக் ஆற்றங்கரையிலோ ஸீபன்கெபிர்கெ மலையடியிலோ நீங்கள் காண்பது பெரும்பாலும் ரிங்கல்நாற்றர் என்ற பாம்பு. தவளையும் மீனும் தின்கிற அப்பாவி. பிடித்தால் நாற்றத்தைப் பீச்சும், மல்லாந்து நாக்கைத் தொங்கவிட்டுச் செத்தமாதிரி நடிக்கும். அதைக் கொல்வது சட்டப்படி குற்றம். சந்தேகம் இருந்தால் அடெனவர் அலேயில் உள்ள கோனிக் விலங்கியல் அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய் வாருங்கள்.

ஆனால் நரி? இரவில் தெருவிலேயே நடக்கிறது. மார்டர்? உங்கள் காரின் வயரைக் கடிக்கிற அதே மார்டர். ஊரில் கோழி பிடிக்கும் நம் மரநாயைப் போல்தான் இதுவும். ஐந்து சென்ரிமீற்றர் ஓட்டை போதும், உள்ளே வந்து ஒன்றைத் தின்று மற்றதையும் கடித்துப் போட்டுவிடும். பாம்புக்குப் பயந்து மெஷின் வாங்கியவர் கூட்டுக் கதவை இரவில் திறந்தே விட்டிருப்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். மெஷின் வாங்கியே தீருவேன் என்றால், இருட்டியதும் தானாக மூடும் கதவை வாங்குங்கள். அதற்கு நான் குறுக்கே நிற்கமாட்டேன்.

தீனியை மாலையில் அள்ளுங்கள். மூடியுள்ள தகரவாளியில் வையுங்கள். பொந்தைப் பாருங்கள். பதிவு, தடுப்பூசி எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான், அதற்குள் நான் போகவில்லை.

கடைசியாக ஒன்று. கோழி எருவைக் கொட்டும் கொம்போஸ்ற் குவியலில், கோடையில், ஒன்றோடொன்று ஒட்டிய வெள்ளை முட்டைகள், தோல்போல் மெதுவான ஓட்டோடு கிடந்தால் அலறாதீர்கள். அது ரிங்கல்நாற்றர் இட்டது. எருவின் சூட்டில் தானாகப் பொரிக்கும். எடுத்த குப்பையை மேலே போட்டு மூடிவிட்டு, செப்ரெம்பர் முடியும்வரை அந்தக் குவியலைக் கிளறாதீர்கள். அதற்குள் தக்காளிக்கு உரம் வேண்டுமென்றால் கடையில் ஒரு மூட்டை வாங்கிக்கொள்ளலாம்.