சைக்கிளை விட்டு இறங்காதவன்

(திருவொற்றியூரில் நடந்த ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுக் கொச்சையைப் பல இடங்களில் அப்படியே விட்டிருக்கிறேன்.)



கவிதை வாசிக்கத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். சைக்கிள் ரேஸைப் பற்றிப் பேசுகிறேன் என்றதும் கூட்டத்தை ஏற்பாடு செய்த தம்பி ஒரு மாதிரி பார்த்தார். "இன்னாண்ணா, விளையாட்டு மேட்டரா?" என்றார். விளையாட்டுதான். ஆனால் ரோட்டில் நடக்கிற விளையாட்டு. ரோடு என்று வந்துவிட்டால் நமக்கு அது வெறும் விளையாட்டாக இருந்ததில்லை.

2026 ஜனவரியில் புனே மாவட்டத்தில் ஐந்து நாள் ஒரு சைக்கிள் பந்தயம் நடந்தது. புனே கிராண்ட் டூர் என்று பெயர். பல நாட்டு வீரர்கள் வந்து 400 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டினார்கள். கட்டம் கட்டமாக ஓடுகிற இந்த வகைச் சர்வதேசப் பந்தயம் நம் நாட்டில் இதுதான் முதல் என்றார்கள். பந்தயம் வருகிறது என்பதற்காகவே அந்த மாவட்டத்து ரோடுகளைப் புதிதாகப் போட்டார்கள். அந்த வீடியோவை டீக்கடையில் செல்போனில் பார்த்துக்கொண்டிருந்த நம்ம பையன் ஒருத்தன் கேட்டான்: "அண்ணே, இது நம்ம பக்கம் வந்தா எப்படி இருக்கும்? ராயபுரத்துல ஆரம்பிச்சு, கடலோரமாவே எண்ணூர் முகத்துவாரம் வரைக்கும்?" நான் உடனே, "கன்டெய்னருக்கு அடியில பூந்து போவானா அந்த வெள்ளைக்காரன்" என்று சொல்லிச் சிரித்துவிட்டேன். சிரித்தது தப்பு. அவன் சரியான கேள்வியைத்தான் கேட்டிருக்கிறான்.

இந்தப் பந்தயங்கள் எப்படி நடக்கின்றன என்று கொஞ்சம் பார்ப்போம். இதில் பெரியது பிரான்ஸில் நடக்கிற டூர் டி பிரான்ஸ். 1903இல் ஒரு பத்திரிகைக்காரன் தன் பேப்பர் விற்க வேண்டும் என்பதற்காக ஆரம்பித்தது. இப்போது மூன்று வாரம், 21 கட்டம். ஒரு கட்டம் தங்கள் ஊரில் ஆரம்பிக்க வேண்டும், அல்லது முடிய வேண்டும் என்றால் அந்த ஊர் நகரசபை பந்தயக் கம்பெனிக்குப் பணம் கட்ட வேண்டும். ஊர் பேர் டிவியில் வரும், ஓட்டல் நிறையும், வியாபாரம் நடக்கும் என்று கணக்கு. நடுவில் இருக்கிற கிராமங்கள் பணம் கட்டுவதில்லை, அந்த வழியாகப் பந்தயம் சும்மா போகும். முதலில் விளம்பர வண்டிகள் வரிசையாக வந்து தொப்பி, பிஸ்கட், சாவிக்கொத்து என்று வீசிக்கொண்டே போகும். ஜனங்கள் பொறுக்கிக்கொள்வார்கள். அதற்கப்புறம் ரொம்ப நேரம் கழித்துச் சைக்கிள்கள் வரும். நூற்றைம்பதுக்கு மேற்பட்ட பேர், சமதரையாக இருந்தால் அரை நிமிஷத்தில் கடந்துவிடுவார்கள். காலையிலிருந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தவனுக்குக் கிடைப்பது அந்த அரை நிமிஷம்தான்.

நான் பேங்க்கில் கணக்கு எழுதிப் பிழைப்பவன். எந்தக் கணக்கைக் காட்டினாலும் வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம் என்று பார்த்தே பழக்கம். இந்தப் பந்தயக் கணக்குகளில் வரவுப் பக்கம் பளபளவென்று இருக்கும். செலவுப் பக்கத்தில் ரோடு போட்டது, போலீஸ் போட்டது வரைக்கும் எழுதுவார்கள். அன்றைக்குக் கடை திறக்காத இட்லிக்காரம்மாவின் செலவு எந்தப் பக்கத்திலும் வராது.

ஆனால் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் வேறு. கிரிக்கெட்டுக்கு ஸ்டேடியம் இருக்கிறது, ஸ்டேடியத்துக்கு கேட் இருக்கிறது. டிக்கெட் இல்லாதவன் வெளியே. ரோடு ரேஸுக்கு கேட் கிடையாது. நம்ம வாசப்படிதான் கேலரி. அப்படியென்றால், ரோட்டோரத்தில் இருக்கிறவன் ஒத்துக்கொண்டால்தான் அந்த விளையாட்டு நடக்கும். இந்த பலத்தை அங்கே இருக்கிற உழைக்கிற ஜனம் தெரிந்து வைத்திருக்கிறது. 1982இல் பிரான்ஸின் வடக்கே தெனான் என்ற ஊரில் இரும்பாலைத் தொழிலாளர்கள் வேலை பறிபோகிறது என்று ரோட்டில் வந்து நின்றார்கள். டூர் டி பிரான்ஸின் ஒரு நாள் பந்தயமே அன்றைக்கு ரத்தானது. அதுவரை தெனான் எங்கே இருக்கிறது என்று கேட்டவனெல்லாம் மறுநாள் பேப்பரில் படித்தான். 1984இல் லா சியோத்தா என்ற துறைமுக ஊரின் கப்பல் கட்டும் தளத்துத் தொழிலாளர்கள் பாரிஸ்–நீஸ் பந்தயத்தை மறித்தார்கள். பெர்னார் ஈனோ என்ற பெரிய சாம்பியன் நேராக அவர்கள் மேலேயே வந்து மோதி, இறங்கி, ஒருத்தரைக் குத்தினான். அந்தப் போட்டோ இன்றைக்கும் கிடைக்கிறது. அதை வீரன் போட்டோ என்று போடுகிறார்கள். நான் பார்த்தால் எனக்கு அந்தக் குத்து வாங்கினவர் முகம்தான் தெரிகிறது. அவர் நம்ம ராயபுரத்துக்காரர் மாதிரிதான் இருக்கிறார். 2025 செப்டம்பரில் ஸ்பெயின் நாட்டுப் பந்தயத்தின் கடைசி நாள், பாலஸ்தீனத்துக்காக மாட்ரிட் ஜனங்கள் ரோட்டில் இறங்கினதால் பாதியிலேயே கைவிடப்பட்டது.

நம்ம ஊரில் என்ன செய்தார்கள்? ரோட்டுக்கே கேட் போட்டார்கள். 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 இரண்டு நாளும் தீவுத்திடலைச் சுற்றி பார்முலா 4 கார் ரேஸ் நடந்தது. சைக்கிள் இல்லை, கார். ஆனாலும் ஊர் ரோட்டைப் பந்தயத்துக்குக் கொடுத்ததில் நமக்குக் கிட்டக்க இருக்கிற உதாரணம் அதுதான். கொடிமரச் சாலை, அண்ணா சாலை, சிவானந்தா சாலை, நேப்பியர் பாலம் என்று மூன்றரை கிலோமீட்டர். அரசாங்கம் 40 கோடி ஒதுக்கி, விவகாரம் ஐகோர்ட் வரைக்கும் போனது. இரண்டு பக்கமும் தடுப்பு கட்டி, பொது ரோட்டையே டிக்கெட் வாங்கிப் பார்க்கிற இடமாக ஆக்கினார்கள்.

அந்தத் தீவுத்திடலை ஒட்டிக் கூவம் கரையில் ஒரு குடியிருப்பு இருந்தது. பேர் சத்தியவாணிமுத்து நகர். யார் அந்த சத்தியவாணி முத்து? பெரம்பூர் தொகுதியில் ஜெயித்து மந்திரியான நம்ம அம்மா. தி.மு.க. தாழ்த்தப்பட்டவர்களைக் கைவிட்டுவிட்டது என்று 1974இல் வெளியே வந்து தனிக்கட்சி கண்டவர். அவர் பேர் வைத்த இடத்தைக் காலி பண்ண ஆரம்பித்தார்கள். பெரும்பாக்கத்துக்கும் மற்ற இடங்களுக்கும் ஜனங்களை ஏற்றி அனுப்பினார்கள். ரேஸுக்காகக் காலி பண்ணினார்கள் என்று நான் சொல்லவில்லை. கூவம் சீரமைப்பு என்றுதான் காரணம் சொன்னார்கள். நான் சொல்வது இவ்வளவுதான்: ரேஸ் வந்த அன்றைக்கு அந்தப் பக்கம் வாசப்படி வைத்திருந்து, ஜன்னலைத் திறந்து, "யாரைக் கேட்டுடா ரோட்டை மூடினீங்க?" என்று கேட்க வேண்டியவர்கள் அங்கே இல்லை.

ரோட்டுக்கு கேட் போடுகிற வேலை நமக்குப் புதிதா? அதே பூனாவில் பேஷ்வாக்கள் காலத்தில் தீண்டப்படாதவன் இடுப்பில் துடைப்பம் கட்டிக்கொண்டு, நடந்த தடத்தைப் பெருக்கிக்கொண்டே போக வேண்டும் என்று வைத்திருந்ததை பாபாசாகேப் 1936இல் எழுதினார். இன்றைக்கு அதே ஊரில் பந்தயத்துக்காக ரோட்டைப் பெருக்கித் துடைத்து வைத்தார்களே, அந்தத் துடைப்பம் யார் கையில் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது. நம்ம பக்கம், பொது ரோட்டில் யாரும் போகலாம், பொதுக் கிணற்றில் யாரும் எடுக்கலாம் என்று சென்னை சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தவர் ரெட்டமலை சீனிவாசன். 1924இல். நூறு வருஷம் தாண்டிவிட்டது. ரோட்டில் நடக்கலாம் என்பதற்கு ஒரு தீர்மானம் தேவைப்பட்ட ஜனம் நாம்.

என் தாத்தா மதுராந்தகம் பக்கத்து ஆள். ஹார்பரில் மூட்டை தூக்க வந்தவர். சம்பாதித்து ஒரு ஹெர்குலிஸ் சைக்கிள் வாங்கினார், அம்பத்தூரில் செய்தது. அதை ரயிலில் போட்டு ஊருக்குக் கொண்டுபோனார். ஸ்டேஷனிலிருந்து ஓட்டிக்கொண்டு போனவர் ஊர்த்தெரு முனையில் இறங்கிவிட்டார். யாரும் சொல்லவில்லை, தானாகவே இறங்கினார். அதுதான் அவருக்குக் கடைசி வரைக்கும் ஆறவில்லை. "யாராவது இறங்குடான்னு சொல்லியிருந்தாகூடப் பரவால்லடா. என் காலே இறங்கிடுச்சு" என்பார். தெரு முழுக்கத் தள்ளிக்கொண்டு போய், சேரி வந்ததும் ஏறினாராம். அதற்கப்புறம் ஊருக்குச் சைக்கிள் கொண்டுபோகவே இல்லை.

நான் மூணாம் கிளாஸ் படிக்கும்போது எங்கள் குடிசைப் பகுதி மைதானத்துக்கு ஏழு நாள் சைக்கிள் ஓட்டுகிறவர் ஒருத்தர் வந்தார். இங்கே இருக்கிற பெரியவர்களுக்கு நினைவிருக்கும். நடுவில் ஒரு கம்பம், அதில் டியூப்லைட், குழாய் ஸ்பீக்கரில் பாட்டு. ஏழு நாள் ராத்திரி பகல் சைக்கிளை விட்டு இறங்க மாட்டார். அதன் மேலேயே சாப்பாடு, அதன் மேலேயே குளியல், ஷேவிங் உள்பட. சாயந்திரம் வித்தை காட்டுவார். ஓட்டிக்கொண்டே குனிந்து கைக்குட்டையைப் பல்லால் எடுப்பார், மார்பில் டியூப்லைட் உடைப்பார். எங்கள் ஜனம்தான் சோறு போட்டது. வீட்டுக்கு ஒரு வேளை என்று முறை வைத்துக்கொண்டார்கள். எங்கள் முறை வந்த அன்றைக்கு ஆயா வஞ்சிரம் வாங்கினாள். வீட்டுக்கு வஞ்சிரம் வாங்கி நான் பார்த்ததே இல்லை. தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு நான் சைக்கிள் கூடவே ஓட, அவர் ஓட்டிக்கொண்டே வாங்கிக்கொண்டார். "மீனு முள்ளு பாத்துத் துன்னுப்பா" என்று ஆயா கத்தினாள்.

தாத்தா தினம் வேலை முடிந்து வந்து, மண்ணில் துண்டை விரித்து உட்கார்ந்துவிடுவார். வித்தையைப் பார்க்க இல்லை. வித்தை முடிந்து கூட்டம் கலைந்தபிறகும், அந்த ஆள் சும்மா சுற்றிக்கொண்டிருப்பதை ராத்திரி பதினோரு மணி வரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பார். ஏன் என்று அப்போது எனக்குத் தெரியாது. ஏழாம் நாள் மாலை போட்டு, சட்டையில் ரூபாய் நோட்டுகளைக் குத்தி, ரெண்டு பேர் பிடித்து அவரை இறக்கினார்கள். தாத்தா மட்டும் அதைப் பார்க்க நிற்காமல் முன்னாடியே வீட்டுக்கு வந்துவிட்டார்.

தோழர்களே, ஊர் கூடி ஒரு பந்தயத்தை நடத்துவது என்றால் எனக்குத் தெரிந்தது அதுதான். யாரைக் கேட்டு மைதானத்தில் கம்பம் நட வேண்டும், எத்தனை மணிக்கு ஸ்பீக்கரை நிறுத்த வேண்டும், உண்டியலில் விழுந்ததில் அவருக்கு எவ்வளவு, எல்லாம் நம்ம ஜனம் உட்கார்ந்து பேசி முடிவு பண்ணினது.

சரி, அந்தப் பையன் கேள்விக்கு வருகிறேன். நம்ம எண்ணூர் ரோட்டில் பந்தயம் நடக்கவே இல்லையா? ராத்திரியில் பையன்கள் பைக் ரேஸ் ஓட்டுகிறார்கள், பிடித்துக் கேஸ் போடுகிறார்கள். அதை நான் நியாயப்படுத்தவில்லை, அதில் செத்தவன் வீட்டுக்குப் போய் வந்தவன் நான். ஆனால் பணம் இருக்கிறவன் வேகமாகப் போக அரசாங்கமே ரோட்டை மூடிக் கொடுக்கிறது, நம்ம பையன் போனால் லாக்கப். இதையும் சொல்லாமல் விட முடியாது.

இன்னொரு ரேஸும் நடந்தது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவு. கடலுக்கடியில் வருகிற குழாயிலிருந்து அமோனியா கசிந்து, பெரியகுப்பம், சின்னகுப்பம் ஜனங்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ரோட்டுக்கு ஓடினார்கள். கண் எரிய, மூச்சு முட்ட, குழந்தையைத் தூக்கிக்கொண்டு. எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று சொல்ல ஆள் இல்லை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று மூக்கை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். பலர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். அதே மாசம்தான் மிக்ஜாம் வெள்ளத்தோடு முகத்துவாரத்தில் எண்ணெய் வந்து படிந்தது. சைக்கிள்காரனுக்கு முன்னாலும் பின்னாலும் ஆம்புலன்ஸ் போகும், டாக்டர் கார் போகும். பெரியகுப்பத்துக்காரன் ஓடினபோது பின்னால் எதுவும் வரவில்லை.

அதனால் வரட்டும் என்கிறேன். வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ரோட்டை மறித்து ஒருத்தனை இறங்கு என்று சொல்கிற வேலை நமக்கு வேண்டாம், அது நமக்குச் செய்யப்பட்டது. ஆனால் வருகிறவன் நம்மகிட்டக் கேட்டுவிட்டு வரட்டும். அப்படிக் கேட்டு வந்தால் நான் முதலில் ஒன்று சொல்வேன். பந்தயத்தன்றைக்கு இந்த ரோட்டில் கன்டெய்னர் லாரி ஓடாது, ஓடவும் விட மாட்டார்கள். ஹார்பர் அன்றைக்கு மூழ்கியா போய்விடும்? ஒரு நாள் நிறுத்த முடிகிற லாரியை, பள்ளிக்கூடம் விடுகிற ஒரு மணி நேரம் தினமும் ஏன் நிறுத்த முடியாது? இதற்கு எழுத்தில் பதில் வாங்கிவிட்டுத்தான் பேச்சு. ரோடு போடுகிறவன் ஓரத்தில் சைக்கிளுக்குத் தனித்தடம் போடட்டும், மணலிக்கு வேலைக்குப் போகிற நம்ம ஆள் பந்தயம் முடிந்தபிறகும் அதில் போவான். சைரனும், தப்பிக்கிற வழி காட்டுகிற போர்டும் பந்தயத்துக்கு முன்னாடியே குப்பத்துக்குக் குப்பம் வரட்டும். 'அழகு பண்ணுகிறோம்' என்று ஓரத்துக் குடிசைகளுக்கு முன்னால் பச்சைத் துணி கட்டினால், அந்தத் துணியை முதலில் அவிழ்க்கப் போகிறவன் நான்தான். வேலை போனாலும் பரவாயில்லை. (கைதட்டாதீங்க, வீட்டுல என் சம்சாரம் வந்து உட்கார்ந்திருக்காங்க.)

அந்தப் பையன் இங்கேதான் கடைசி வரிசையில் இருக்கிறான். அவனுக்குச் சைக்கிள் இல்லை, பஸ்ஸில்தான் வந்திருப்பான். நான் பேசினதில் அவனுக்கு ஒப்புதல் இல்லாதது இருக்கும், மூஞ்சியைப் பார்த்தாலே தெரிகிறது. மைக்கை அவன்கிட்டக் கொடுங்கள்.