ரோலர் கோஸ்டரும் ஆறு எளிய இயந்திரங்களும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இலக்கியம் பேசத்தக்க அறிஞர் பலர் இவ்வவையில் இருக்க, பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு இரயில்வே அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரியும் என்னையும் பேசப் பணித்திருக்கிறீர்கள். நம் குழந்தைகளுக்கு விஞ்ஞானத்தைத் தமிழில் எவ்வாறு சொல்லித் தரலாம் என்பது பற்றிச் சில வார்த்தைகள் கூற விழைகிறேன்.

சென்ற ஆண்டு இவ்வூர்ப் பொருட்காட்சிக்கு என் மகளை அழைத்துச் சென்றேன். அங்கே சிறியதொரு ரோலர் கோஸ்டர் அமைத்திருந்தார்கள். மேட்டில் ஏறிப் பள்ளத்தில் பாய்ந்து செல்லும் அவ்வண்டியைக் கண்ட அவள், "அப்பா, இந்த இரயிலுக்கு எஞ்சின் எங்கே?" என்று கேட்டாள். இருபது ஆண்டுகள் இரயில்வேயில் இருந்தும் எனக்கு விடை தெரியவில்லை. "பள்ளிக்கூடத்தில் கேட்டுக்கொள்" என்று கூறி அவள் வாயை அடைத்துவிட்டேன். வீடு திரும்பியபின் மனம் உறுத்தியது. அவளுடைய பாடப் புத்தகத்தை எடுத்து வரச் சொன்னேன். எளிய இயந்திரங்கள் ஆறின் பெயர்களையும் ஆங்கிலத்தில் பிழையின்றி ஒப்பித்தாள். அவற்றுள் எவை அந்த வண்டியில் இருந்தன என்று கேட்டபோது விழித்தாள். நானும் விழித்தேன். அன்று தொடங்கித் தந்தையும் மகளுமாக நாங்கள் கற்றதையே இங்குக் கூறுகிறேன்.

இவ்விளையாட்டு வண்டிக்கும் இரயிலுக்கும் உறவு உண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் மாக் சங்க் என்னும் ஊரில் 1827ஆம் ஆண்டு நிலக்கரிக்காக ஒரு தண்டவாளப் பாதை அமைத்தார்கள். கரி நிறைந்த வண்டிகள் மலையிலிருந்து தம் எடையாலேயே உருண்டு இறங்கின. வெறும் வண்டிகளைக் கோவேறு கழுதைகள் மேலே இழுத்துச் சென்றன. இறங்கும்போது அக்கழுதைகளும் வண்டியிலேறியே வந்தனவாம்! பிற்காலத்தில் மக்கள் அதில் உல்லாசப் பயணம் செய்யலாயினர். 1884இல் தாம்சன் என்பவர் நியூயார்க்கின் கோனித் தீவில் விளையாட்டுக்கென்றே ஒரு பாதை அமைத்தார். கட்டணம் ஐந்து சென்ட். வேகம் மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டர்தான். மக்கள் படியேறி மேடைக்குச் சென்று வண்டியில் அமர வேண்டியிருந்தது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் வண்டியையே சங்கிலியால் மேலே இழுக்கும் முறை வந்துவிட்டது.

இனி ஆறு இயந்திரங்களையும் அவ்வண்டியிலேயே காண்போம். வண்டி ஏறும் முதல் மேடு சாய்தளம். அதனை இழுக்கும் சங்கிலி சுற்றிவரும் பற்சக்கரம், கப்பியின் உறவினன். வண்டியைத் தாங்குவன சக்கரமும் அச்சும். பெரிய வண்டிகளில் தண்டவாளத்தின் மேலும் பக்கத்திலும் அடியிலும் சக்கரங்கள் பற்றியிருப்பதால்தான் வண்டி தூக்கி எறியப்படுவதில்லை. மடியின்மீது இறங்கும் பாதுகாப்புத் தண்டு நெம்புகோல். தண்டவாளத்தை முடுக்கியிருப்பவை திருகுகள். முக்கோணக் காகிதத்தை ஒரு பென்சிலின்மேல் சுற்றிப் பார்த்தால், திருகு என்பதும் சுருட்டிய சாய்தளமே என்பது புலப்படும். ஆப்பு ஒன்றுதான் அந்த வண்டியில் எங்கள் கண்ணுக்கு எட்டவில்லை. ஆனால், நின்றிருக்கும் வாகன் உருண்டு ஓடாதபடி சக்கரத்தின்கீழ் வைக்கும் மரக்கட்டையை நம் இரயில்வேக் குடியிருப்பில் காணாத பிள்ளை உண்டோ? அதுவே ஆப்பு.

பெயர்களைவிடப் பெரிது அவற்றுள் அடங்கிய கணக்கு. ஒரு வண்டியை 20 மீட்டர் உயரத்திற்கு நேராகத் தூக்குவது கடினம். 60 மீட்டர் நீளமுள்ள சரிவில் இழுத்தால், உராய்வை நீக்கிப் பார்க்கும்போது, மூன்றில் ஒரு பங்கு விசையே போதும். ஆனால் தூரம் மும்மடங்காகிறது. விசையில் மிச்சம் பிடித்ததைத் தூரத்தில் செலுத்தியே ஆக வேண்டும். இயற்கையின் பேரேட்டில் தள்ளுபடி கிடையாது. அவ்வாறு மேலே சேர்த்த ஆற்றலே கீழே இறங்கும்போது வேகமாகத் திரும்பி வருகிறது. 20 மீட்டர் இறக்கத்தின் அடியில் வண்டி ஏறக்குறைய மணிக்கு 70 கிலோமீட்டர் வேகம் பெறும். என் மகள் தேடிய எஞ்சின், முதல் மேட்டுச் சங்கிலியோடு நின்றுவிடுகிறது. அதன்பின் பூமியே வண்டியை இழுக்கிறது.

இக்கணக்கை நம் இரயில்களும் அறியும். 1863இல் திறக்கப்பட்ட போர்காட் மலைப்பாதையில் 37 அடிக்கு ஓர் அடி ஏற்றம். அதற்கே பின்னாலிருந்து தள்ளத் துணை எஞ்சின்கள் வேண்டும். நம் நீலகிரி மலை இரயிலிலோ சுமார் 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம்! ஆகவேதான் அங்கே தண்டவாளங்களின் நடுவில் பற்சட்டம் பதித்து, எஞ்சினின் பற்சக்கரம் அதைக் கவ்வி ஏறுமாறு செய்தார்கள். பெரிய யார்டுகளில் கூட்ஸ் வாகன்களை ஒரு மேட்டின்மேல் தள்ளிவிட, அவை தாமாகவே உருண்டு தத்தம் பாதையில் சேர்ந்த விதத்தை மூத்த ஊழியர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதுவும் ரோலர் கோஸ்டர்தானே!

இதைச் சோதித்துப் பார்க்கப் பணம் வேண்டியதில்லை. மின்கம்பி செல்லும் நெகிழ்குழாய் ஒன்றை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, புத்தகங்களை அடுக்கி மேடும் பள்ளமும் அமைத்துக் கோலிக்குண்டை உருட்டினோம். என் மகள் இரண்டு மேடுகளையும் ஒரே உயரத்தில் வைத்தாள். குண்டு இரண்டாவது மேட்டின் உச்சிக்குச் சற்று முன்னதாகவே நின்று திரும்பிவிட்டது. பலமுறை முயன்றாள். கடைசியில் அவளே ஒரு புத்தகத்தை உருவினாள், குண்டு தாண்டியது. "கொஞ்சத்தை உராய்வு தின்றுவிட்டது, அப்பா" என்றாள். 'உராய்வு' என்னும் சொல்லை அவள் எந்தப் பள்ளியிலும் கற்கவில்லை. அன்று எங்கள் கூடத்தில் கற்றாள், இனி மறக்கமாட்டாள்.

அன்பர்களே! நம் சங்கத்தின் ஞாயிறு வகுப்பில் சேரும் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு வயதானதும் நின்றுவிடுகிறார்கள். பாட்டும் கதையும் முடிந்தபின் தமிழால் என்ன பயன் என்று கேட்கிறார்கள். அவர்களைக் கடிந்துகொள்வதற்கு முன், அவர்கள் வயதுக்கேற்ற கேள்விகளுக்குத் தமிழில் விடை தந்தோமா என்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். நான் தராமல் தட்டிக் கழித்தவன், ஆகவேதான் சொல்கிறேன். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஷெட்டில் வேலை செய்பவர் நெம்புகோலைக் காட்டட்டும். தாய்மார்கள் அரிவாள்மணையில் ஆப்பைக் காட்டட்டும். குழாயும் கோலிக்குண்டும் கொண்டுவர நான் கடமைப்பட்டவன்.