காலை உணவும் மூலதனக் கணக்கும்



பல்கலைக்கழகத்தின் முதலாண்டுக்குப் புறப்படும் மாணவர் புத்தகமும் உடுப்பும் படுக்கை விரிப்பும் எடுத்துச் செல்கிறார். வீட்டு அடுக்களையை மட்டும் எடுத்துச் செல்ல முடிவதில்லை. அதுவரை கேளாமலே கிடைத்த காலை உணவுக்கு இனி அவரே காசு எண்ண வேண்டும். எட்டு மணி விரிவுரை. கையிலோ சொற்பப் பணம். அந்த வேளை உணவைக் கைவிட்டால் நேரமும் மிச்சம், காசும் மிச்சம் என்று அவருக்குத் தோன்றுகிறது.

இந்த உணவைப் பொருளியலாளர் எந்தக் கணக்கில் எழுதினர்? நெடுங்காலம் 'நுகர்வு' என்றே எழுதினர், உண்டதோடு தீர்ந்தது. மனிதர் தேடிக்கொண்ட திறமையும் நாட்டின் மூலதனமே என்று அடம் சிமித் 1776 இல் கூறியிருந்தார். பின்வந்தோர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1960 இல் தியோடர் ஷூல்ட்ஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர், நுகர்வு என்று நாம் கருதும் செலவில் பெரும்பகுதி மனிதரில் இடப்படும் முதலீடே என வாதிட்டார். கல்வியோடு உடல்நலத்தையும் அதில் சேர்த்தார். 1972 இல் மைக்கல் குரொஸ்மன், உடல்நலமும் தேய்ந்துபோகும் ஒரு மூலதன இருப்பே என விளக்கினார்.

நம் நாட்டில் 1945 இல் இலவசக் கல்வி வந்தது. கட்டணம் நீங்கியது, வயிறு நீங்கவில்லை. 1981 இல் தொடங்கிய மகாபொல உதவித்தொகை அக்குறையை ஓரளவு தீர்க்க முயன்றது. ஆனால் 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். ஓராண்டுக்கு முன் நூறு ரூபாவுக்கு வாங்கிய உணவுக்கு ஏறத்தாழ 195 ரூபா கொடுக்க நேர்ந்தது. உதவித்தொகை அந்த வேகத்தில் உயரவில்லை. பின்னர் பணவீக்கம் தணிந்தது என்பது உண்மை. விலை பழைய இடத்துக்குத் திரும்பியது என்பது அதன் பொருளன்று.

பட்டினி இங்கே பட்டினியாகத் தோன்றுவதில்லை. பாணும் தேநீரும் பசியை அடக்கிவிடுகின்றன. இரும்புச்சத்துக் குறைவு மெல்ல மெல்லக் குருதிச்சோகையாகிறது. மாதந்தோறும் குருதி இழக்கும் மாணவியருக்கு இந்த ஆபத்து அதிகம். உணவோடு குடிக்கும் தேநீர், உள்ள இரும்புச்சத்தும் உடலில் சேராதபடி தடுக்கிறது. படியேறினால் இளைப்பு, விரிவுரையில் அயர்வு. பார்ப்பவர் சோம்பல் என்பர். அவரும் தம்மைச் சோம்பேறி என்றே நம்பிவிடுவார்! பகிடிவதைக்கு அஞ்சிச் சிற்றுண்டிச்சாலைப் பக்கமே போகாதவர் நிலை இன்னும் மோசம். அதைத் தடைசெய்யும் சட்டம் 1998 முதல் உண்டு. அச்சத்தை நீக்கச் சட்டம் மட்டும் போதவில்லை.

முதலீடு என்ற சொல்லிலும் ஓர் இடர் உண்டு. வருவாய் தராத மாணவருக்கு உணவு வேண்டாமா என்று யாரேனும் கேட்கக்கூடும். இங்கேதான் அமார்த்தியா சென் உதவுகிறார். நலமாக வாழ்வது உற்பத்திக்குக் கருவி மட்டுமன்று, அதுவே ஒரு நோக்கம் என்பது அவர் கருத்து.

புதிய மாணவர்கள் சேரும்போது மருத்துவப் பரிசோதனை நடைபெறுகிறது. அது வீட்டுச் சோற்றில் வளர்ந்த உடலைப் பார்க்கும் பரிசோதனை. முதலாண்டு முடியும்போது அதே மாணவரின் நிறையையும் குருதியையும் மீண்டும் பார்த்து, இரு அளவுகளையும் அருகருகே எழுதினால், அந்த ஓராண்டு அவரிடமிருந்து எதை எடுத்துக்கொண்டது என்பது தெரியும். செலவும் பெரிதன்று.